விமானம் செய்த ஊரில் கணினி

ஸ்வீடனில் செய்யப்பட்ட ஒரு கணக்கிடும் இயந்திரம் 1857-இல் அட்லாண்டிக்கைக் கடந்து, நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரின் டட்லி வானாய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்டாக்ஹோமில் அச்சகமும் பத்திரிகையும் நடத்திய கெயோர்க் ஷொய்ட்ஸும் அவர் மகன் எட்வர்டும் செய்த இயந்திரம் அது. சார்லஸ் பாபேஜ் இங்கிலாந்து அரசின் பணத்தை ஏராளமாகச் செலவழித்தும் முடிக்காமல் விட்ட வித்தியாசப் பொறியைப் பற்றி ஓர் இதழில் கட்டுரை வந்திருந்தது. அதைப் படித்த தந்தையும் மகனும் பாபேஜ் முடிக்காததை முடித்துக் காட்டினார்கள். கணக்கைப் போட்டதோடு, விடைகளை அச்சுக்கு ஏற்றபடி பதித்தும் கொடுத்தது அந்த இயந்திரம்.

தொண்ணூறு ஆண்டு கழித்து அதே ஸ்வீடன் அதே அமெரிக்காவிடம் ஒரு கணினியை விலைக்குக் கேட்டது. கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் சேராமல் ஒதுங்கி நின்ற நாடு ஸ்வீடன். அதன் தொழிற்சாலைகள் மேல் குண்டு விழவில்லை. பொறியாளர்கள் போர்முனைக்குப் போகவில்லை. ஆனால் யார் பக்கமும் சேராதவனுக்கு யாரும் உதவ மாட்டார்கள் என்ற பயம் உள்ளுக்குள் இருந்தது. அதனால் விமானம், பீரங்கி, ரேடார் எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்துகொள்ளும் கொள்கையில் அரசு உறுதியாக இருந்தது. பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிடவும், இறக்கையின் வலிமையை அளவிடவும், சங்கேதச் செய்திகளை உடைக்கவும் மின்னணுக் கணினி வேண்டும் என்பது 1946-லேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து இளைஞர்களை உதவித்தொகை கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஹார்வர்டு, பிரின்ஸ்டன், ஆர்.சி.ஏ. ஆய்வகம் என்று அவர்கள் பிரிந்து போய்ப் படித்தார்கள். அங்கே யாரும் எதையும் ஒளிக்கவில்லை. கணினியை எப்படிக் கட்டுவது என்பதை அமெரிக்கா தாராளமாகச் சொல்லிக்கொடுத்தது. கட்டிய கணினியை விற்க மட்டும் 1948-இல் மறுத்துவிட்டது. பனிப்போர் தொடங்கியிருந்தது, ஏற்றுமதி உரிமம் கிடைக்கவில்லை.

பொருளைத் தராமல் அறிவை மட்டும் தந்தால் என்ன நடக்கும் என்பதை அன்றைக்கு வாஷிங்டனில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஸ்வீடன் அரசு அதே 1948-இல் 'கணித இயந்திர வாரியம்' என்ற அமைப்பை ஏற்படுத்தியது. வேலையைத் தலைமையேற்று நடத்த வந்தவர் கோனி பால்ம். இவர் கணினிக்காரர் அல்லர், தொலைபேசிக்காரர். ஓர் ஊருக்கு எத்தனை இணைப்புக் கம்பிகள் போட்டால் பேச வருகிறவர் அதிக நேரம் காத்திருக்க வேண்டியிராது என்பதைக் கணிதமாக எழுதியவர். ஸ்வீடனில் அன்று மலிவாகவும் தரமாகவும் கிடைத்த மின்பொருள் தொலைபேசி நிலையங்களில் டக்டக்கென்று அடிக்கும் ரிலேதான். பால்ம் அதையே எடுத்தார். சுமார் 8,000 ரிலேக்கள், 80 கிலோமீட்டர் கம்பி. 1950 ஏப்ரலில் 'பார்க்' என்ற கணினி ஓடத் தொடங்கியது. ஒரு பெருக்கலுக்குக் கால் நொடி பிடித்தது. செய்ய வேண்டிய வேலையை அதற்குச் சொல்வதற்குக் கம்பிகளை இடம் மாற்றிச் செருக வேண்டும். உலக அளவில் பார்த்தால் அது பிறக்கும்போதே பழசாகிப்போன இயந்திரம். ஆனால் நம்பகமானது, உடனே வேலைக்கு ஆகக் கூடியது. அதைக் கட்டியவர்கள் தேர்ச்சி பெற்றதுதான் பெரிய வரவு. பால்ம் 1951 இறுதியில் காலமானார்.

அடுத்து வந்ததுதான் 'பெஸ்க்'. அமெரிக்காவில் பயின்ற ஐவரில் ஒருவரான எரிக் ஸ்டெம்மெ இதன் வடிவமைப்பை நடத்தினார். பிரின்ஸ்டனில் கணிதர் ஃபான் நாய்மன் குழு கட்டிய இயந்திரம்தான் முன்மாதிரி. 2,400 வால்வுகள், 400 ஜெர்மானியம் டயோடுகள். எண்கள் 40 பிட் நீளமுள்ளவை. கூட்டலுக்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் 56 பங்கு. பெருக்கலுக்கு 350 பங்கு. பார்க் ஒரு பெருக்கல் போடும் நேரத்தில் பெஸ்க் எழுநூறு போட்டுவிடும். 1953 இறுதியில் வேலை செய்யத் தொடங்கியபோது, சில வாரங்களுக்கு உலகிலேயே வேகமான கணினி இதுதான் என்று ஸ்வீடன்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அதன் நினைவகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்றைய கணினிகளின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது வேகமல்ல, நினைவகம்தான். பெஸ்க்கில் நாற்பது கேத்தோடு கதிர்க் குழாய்கள் இருந்தன, பழைய டிவியில் படம் காட்டிய குழாய்களின் இனம். எலெக்ட்ரான் கற்றை திரையில் ஒரு புள்ளியைத் தாக்கினால் அங்கே சிறிது மின்னேற்றம் தங்கும். தங்கியிருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு குழாயில் 512 புள்ளிகள். தொல்லை என்னவென்றால் அந்த மின்னேற்றம் ஒரு நொடிகூட நிற்காது, கசிந்துவிடும். தண்ணீரால் போட்ட கோலம் உலர்வதற்குள் அதன் மேலேயே மறுபடி மறுபடி வரைந்துகொண்டிருப்பதைப் போல, கற்றை ஓயாமல் ஒவ்வொரு புள்ளியையும் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு மின்விசிறி ஓடினால்கூட எண் மாறிப்போகலாம். ஆரம்ப நாட்களில் பெஸ்க் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பிழையில் நின்றது. 1956-இல் இந்தக் குழாய்களைக் கழற்றிவிட்டுக் காந்த வளைய நினைவகம் வைத்தார்கள். கடுகைவிடச் சற்றே பெரிய ஃபெரைட் வளையங்களின் ஊடே மெல்லிய கம்பிகளைக் கோத்துச் செய்வது அது. பொறியாளர்களின் விரல்களுக்கு அந்த வேலை வரவில்லை. பின்னல் வேலையில் பழகிய இல்லத்தரசிகளைக் கூப்பிட்டுக் கோக்கச் சொன்னார்கள். வளையம் காந்தமாகிவிட்டால் மின்சாரம் போனாலும் மறக்காது. அதோடு தொல்லை தீர்ந்தது.

இந்த இயந்திரத்தில் நடந்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வானிலைக் கணிப்பு. சிக்காகோவில் பெரும்பெயர் எடுத்துவிட்டுத் தாயகம் திரும்பியிருந்த வானிலையியலாளர் கார்ல்-குஸ்தாவ் ரோஸ்பி, வளிமண்டலத்தின் சமன்பாடுகளை பெஸ்க்கில் ஏற்றிப் பார்த்தார். 1950-இல் அமெரிக்காவின் எனியாக் கணினியில் முதன்முதலாக இதைச் செய்தபோது, மறுநாள் வானிலையைக் கணிக்க ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆனது. விடை வரும்போது அந்த மறுநாள் வந்துவிடும். பெஸ்க்கில் விடை முதலில் வந்தது, வானிலை பிறகு வந்தது. 1954-இல் ஸ்வீடன் விமானப்படைக்காக அன்றாடப் பயன்பாட்டுக்கு இப்படிக் கணிப்புகள் தரப்பட்டன. எண்முறை வானிலைக் கணிப்பை உலகில் முதலில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தது அமெரிக்கா அல்ல, கணினி மறுக்கப்பட்ட இந்த நாடுதான். 1957-இல் ஹான்ஸ் ரீசல் என்ற கணிதர் இதே இயந்திரத்தில் அதுவரை அறியப்பட்டவற்றிலேயே மிகப் பெரிய பகா எண்ணைக் கண்டுபிடித்தார். 2-ஐ 3,217 தடவை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது, 969 இலக்கங்கள்.

பெஸ்க்கின் நேரத்தை வாடகைக்கு எடுத்தவர்களில் ஸ்டாக்ஹோமுக்குத் தென்மேற்கே இருக்கும் லின்ஷோப்பிங் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அந்த ஊரில்தான் சாப் விமான நிறுவனத்தின் தொழிற்சாலை. கார் பிறகு வந்தது. 1937-இல் தொடங்கியபோது சாப் செய்தது போர் விமானம்தான்.

விமானக் கம்பெனிக்குக் கணினிமேல் ஏன் இத்தனை பசி? இறக்கை பின்னோக்கிச் சாய்ந்ததால். ஒலியின் வேகத்தை நெருங்கும் ஜெட் விமானங்களுக்கு நேரான இறக்கை ஆகாது, சாய்ந்த இறக்கை வேண்டும். நேரான இறக்கையின் வளைவையும் முறுக்கையும் பொறியாளர் காகிதத்தில் கணக்கிட்டுவிடலாம். சாய்ந்த இறக்கையில் வளைவும் முறுக்கும் ஒன்றையொன்று இழுக்கும். அதைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் சமன்பாடு எழுதி, நூற்றுக்கணக்கான சமன்பாடுகளை ஒரே சமயத்தில் தீர்க்க வேண்டும். இந்தக் கணக்கை அணிகளாக (மேட்ரிக்ஸ்) எழுதும் முறையை சாப்பில் உருவாக்கியவர் பெர்யே லாங்கெஃபோர்ஸ். 1949-இல் வேலைக்குச் சேர்ந்தவர், இறக்கையில் தொடங்கி எங்கெங்கோ போனவர். பின்னால் வருவார்.

வாடகை நேரம் போதவில்லை. பெஸ்க்கின் வரைபடங்களை வாரியம் பூட்டி வைக்கவில்லை. உள்நாட்டில் கேட்டவர்களுக்குக் கொடுத்தது. சாப் அவற்றை வாங்கித் தனக்கென ஒரு பிரதியைக் கட்டிக்கொண்டது. 1957-இல் ஓடத் தொடங்கிய அதன் பெயர் 'சாரா'.

இதற்கிடையில் வாரியத்தின் வயிற்றில் ஓர் அடி விழுந்தது. அரசுச் சம்பளத்தில் திறமையாளர்களைப் பிடித்து வைக்க முடியவில்லை. 1956-இல் ஸ்டெம்மெ உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் கூட்டாகக் கிளம்பி, ஓட்விதாபெரி என்ற சிற்றூரில் இயங்கிய ஃபாசிட் நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள். ஃபாசிட் என்றால் நம் ஊரில் பலருக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஞாபகம் வரும். அதன் இந்தியக் கிளையான ஃபாசிட் ஏஷியா சென்னை பெருங்குடியில் தட்டச்சு இயந்திரம் செய்தது. ஸ்வீடனில் அதற்குக் கைப்பிடி சுற்றும் கணக்குப்பொறிதான் தங்கச் சுரங்கம். பெஸ்க் அணியை வைத்து ஃபாசிட் இ.டி.பி. என்ற கணினியைச் செய்து விற்றது. பத்துக்குள்தான் விற்றது. பல்சக்கரக் கணக்குப்பொறிகள் உலகமெங்கும் விற்றுக்கொண்டிருந்த வேளையில், நஷ்டம் தரும் மின்னணுப் பிரிவுக்கு யார் பணம் போடுவார்கள்? நிர்வாகம் அதைக் கைவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானிய மின்னணுக் கால்குலேட்டர்கள் வந்து இறங்கியதும் ஃபாசிட் ஒரே மூச்சில் சரிந்து, எலெக்ட்ரோலக்ஸின் கைக்குப் போனது. நாட்டின் தலைசிறந்த மின்னணு அணியைப் பதினைந்து ஆண்டு முன்பே வீட்டுக்குள் வைத்திருந்த கம்பெனி அது. தொழில் வரலாற்றில் இவ்வளவு சுத்தமான பாடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சாப்புக்கு அந்த விதி நேராததற்குக் காரணம் தொலைநோக்கு என்று சொல்ல மாட்டேன். ராணுவம் கேட்டதால் கணினியை விட முடியவில்லை. 1950-களின் பிற்பகுதியில் ஸ்வீடன் நெடுந்தூர ஏவுகணை ஒன்றைத் திட்டமிட்டது. ஏவுகணை தன் வேகத்தையும் திசையையும் அளந்து, எங்கே இருக்கிறோம் என்பதைத் தானே கணக்கிட்டுக்கொண்டு போக வேண்டும். ஒரு சிறு பிழை ஒவ்வொரு நொடியும் சேர்ந்து பெருகும், ஆகவே துல்லியம் முக்கியம். அதற்கு அறை நிறைய வால்வுகளைத் தூக்கி வைக்க முடியாது, சாரா பறக்காது. லின்ஷோப்பிங் பொறியாளர்கள் அப்போதுதான் கைக்கு வந்திருந்த டிரான்சிஸ்டரைப் பிடித்தார்கள். ஏவுகணைத் திட்டம் கைவிடப்பட்டது, கணினித் திட்டம் தப்பியது. 1960-இல் 'டி2' தயாரானது. எடை சுமார் 200 கிலோ. ஒரு மேசைமேல் நின்றது. 20 பிட் சொற்கள், 6,000 சொற்களுக்கு நினைவகம், நொடிக்கு ஒரு லட்சம் கூட்டல். பெஸ்க் ஓர் அறையை நிரப்பி ஆறேழு ஆண்டுகூட ஆகவில்லை.

மேசைமேல் நிற்கும் கணினியைப் பார்க்க வந்தவர்களில் ராணுவத்தோடு தொடர்பில்லாதவர்களும் இருந்தார்கள். ஏவுகணைக்குள் வைப்பதற்காகச் சுருக்கியதை அலுவலகத்தில் வைத்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. 1962-இல் 'டி21' விற்பனைக்கு வந்தது. முதல் வாடிக்கையாளர் ஸ்கண்டியா காப்பீட்டு நிறுவனம். வானத்தில் வழி கண்டுபிடிக்கப் பிறந்த இயந்திரம் பாலிசி கணக்குப் பார்க்கப் போனது. சொல்லின் நீளத்தை 24 பிட்டாக ஆக்கினார்கள். நிரலையும் தரவையும் தனித்தனி நினைவகத்தில் வைத்திருந்த டி2-வின் முறையை விட்டு, ஒரே நினைவகத்தில் சேர்த்தார்கள். கூடவே காந்த நாடா. இந்தக் கடைசி விஷயம்தான் அலுவலகத்துக்குத் தேவையானது. ஏவுகணைக்குக் கொஞ்சம் எண்களும் நிறையக் கணக்கும். காப்பீட்டுக்கு லட்சக்கணக்கான பதிவுகளும் ஒவ்வொன்றுக்கும் நாலைந்து கூட்டல் கழித்தலும். நாடா இல்லாத வேகக் கணினியை ஒரு காப்பீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

நிரல் எழுதும் மொழியிலும் இதே பிளவு இருந்தது. அறிவியல்காரர்களுக்கு ஆல்கால்: சூத்திரத்தை அழகாக எழுதலாம், ஆனால் பதிவுக் கோப்புகளைப் படிப்பதற்கும் அச்சிடுவதற்கும் அதில் ஏற்பாடே கிடையாது. வணிகத்துக்குக் கோபால்: கோப்பு வேலையில் சூரன், கணிதத்தில் நொண்டி. டி21-க்கு சாப் எழுதிய 'ஆல்கால்-ஜீனியஸ்' இரண்டையும் ஒன்றாக்கியது, ஆல்காலின் உடம்பில் கோபாலின் கைகள். உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் எழுதிப் பழகிய ஸ்வீடன் நிரலாளர்கள் பிறகு வேறு மொழிக்குப் போக வேண்டியிருந்தபோது முணுமுணுத்துக்கொண்டேதான் போனார்கள்.

சாப்பின் கணினிக் குழுவின் மூளையாக இருந்தவர்தான் நாம் இறக்கையில் விட்டுவந்த லாங்கெஃபோர்ஸ். ஒரு கட்டமைப்பைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிகளின் இணைப்பை மேட்ரிக்ஸாக எழுதும் பழக்கம் அவருக்கு இறக்கைகளிலிருந்து வந்தது. ஒரு நிறுவனத்தில் தகவல் எங்கே பிறந்து எங்கே போகிறது என்பதையும் அதே மாதிரி எழுதலாம் என்று அவருக்குப் பட்டது. 1966-இல் வந்த அவருடைய நூல் தகவல் அமைப்புகளைப் பற்றிய கோட்பாட்டின் அடிப்படை நூல்களில் ஒன்று. பெட்டிக்குள் இருக்கும் தரவு வேறு, அதைப் படிக்கும் மனிதன் பெறும் தகவல் வேறு; படிப்பவனின் முன்னறிவும் படிக்கக் கிடைக்கும் நேரமும் சேர்ந்துதான் தகவல் ஆகிறது என்றார். சாப்பை விட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஸ்வீடனில் அந்தத் துறையின் முதல் பேராசிரியரானார். கம்பெனி செய்த கணினிகளைவிட இந்த ஒரு சிந்தனைக்கு ஆயுள் அதிகம் என்பது என் எண்ணம்.

டி21 சுமாராக விற்றது. பெரிய சோதனை அரசிடமிருந்து வந்தது. ஸ்வீடனில் 1947 முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் எண் உண்டு; மக்கள் பதிவேடும் வரி விதிப்பும் அன்று மாவட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் இருந்தன. 1960-களில் அவற்றைக் கணினிக்கு மாற்ற முடிவாகியபோது, அது நாட்டிலேயே மிகப் பெரிய கணினிக் கொள்முதலாக அமைந்தது. எதிரே நின்றது ஐபிஎம். நாடாளுமன்றம் வரை விவாதம் போனது. கடைசியில் சில மாவட்டங்களுக்கு ஐபிஎம் 360, சில மாவட்டங்களுக்கு டி21 என்று பங்கு வைத்தார்கள். எல்லாரையும் திருப்திப்படுத்தும் இந்தத் தீர்வில் ஒரே வேலைக்கான நிரலை இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

ஐபிஎம் 360 என்பது 1964 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட ஒரு கணினிக் குடும்பம். சிறியதில் எழுதிய நிரல் பெரியதிலும் ஓடும். வாங்குபவர் வளர வளர இயந்திரத்தை மாற்றலாம், நிரலை மாற்ற வேண்டியதில்லை. அதுவரை போட்டி இயந்திரத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையில் இருந்தது. அன்றிலிருந்து அது நிரல் குவியலுக்கும் நிரல் குவியலுக்கும் இடையிலான போட்டியாயிற்று. எண்பது லட்சம் மக்கள்கூட இல்லாத நாட்டின் கம்பெனி, எத்தனை நல்ல மின்சுற்று போட்டாலும், அந்தக் குவியலை எப்படிச் சேர்க்கும்? பிரிட்டனும் பிரான்சும்கூட இதில் மூச்சுத் திணறின.

ஆனால் அதே ஊரின் இன்னொரு கூடத்தில் ஐபிஎம் எட்டிப் பார்க்காத வேலை நடந்துகொண்டிருந்தது. சாப்பின் புதிய விமானம் விக்கன் 1967 பிப்ரவரியில் முதலில் பறந்தது. அதற்கு முந்தைய தாக்குதல் விமானமான லான்சனில் இருவர் உட்கார்ந்தார்கள், ஒருவர் ஓட்ட, மற்றவர் வழி பார்க்க. விக்கனில் பின்னிருக்கையை எடுத்துவிட்டு அங்கே போக வேண்டிய எடைக்குப் பதிலாகக் கணினியை வைப்பது என்று தீர்மானித்தார்கள். டி2-வின் 200 கிலோவைச் சுமார் 60 கிலோவாக இறக்க வேண்டும். அதிர்வும் குளிரும் தாங்க வேண்டும். தனித்தனி டிரான்சிஸ்டர்களால் அது ஆகாது. அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த ஐ.சி. (ஒருங்கிணைந்த மின்சுற்று) சில்லுகளைத் துணிந்து எடுத்தார்கள். நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலத்தின் கணினியும் அதே காலத்தில் அதே துணிச்சலைத்தான் காட்டியது. இப்படிப் பிறந்த 'சிகே37', ஐ.சி.க்களால் ஆன உலகின் முதல் விமானக் கணினிகளில் ஒன்று. 28 பிட் சொற்கள் எட்டாயிரத்துச் சொச்சம் கொண்ட காந்த வளைய நினைவகம், அவ்வளவுதான். அதற்குள் வழி கண்டுபிடித்தல், குறி பார்த்தல், விமானியின் கண்ணெதிரே கண்ணாடியில் கோடுகளும் எண்களும் காட்டுதல், எரிபொருள் கணக்கு, புறப்படும் முன் கருவிகளைச் சரிபார்த்தல் எல்லாம் அடங்கின. போர் வந்தால் விமானத் தளங்கள் முதலில் அழியும் என்பதால், விக்கன் நெடுஞ்சாலையில் இறங்கும்படி வடிவமைக்கப்பட்டது. தாழப் பறந்து வந்து ஒரு சாலைத் துண்டில் ஒற்றை ஆளாக இறங்கும் விமானிக்கு அந்தக் கணினிதான் இரண்டாவது ஆள். 1971-இல் விக்கன் விமானப்படையில் சேர்ந்தது.

சில்லுகள் அமெரிக்கச் சில்லுகள். விமானத்தின் எஞ்சினும் பிராட் அண்ட் விட்னியின் பயணிகள் விமான எஞ்சினை உரிமம் வாங்கி ஸ்வீடனில் மாற்றிச் செய்தது. கணினி கிடைக்காததால் சொந்தமாகச் செய்யக் கற்ற நாடு, சொந்தமாகச் செய்ததன் உள்ளே மறுபடி அமெரிக்காவை வைத்திருந்தது. 1978-இல் இந்தியா விக்கனை வாங்க ஆர்வம் காட்டியபோது இதன் விலை தெரிந்தது. எஞ்சினில் எங்கள் தொழில்நுட்பம் இருக்கிறது, விற்க அனுமதி இல்லை என்றது அமெரிக்கா. இந்தியா ஜாகுவார் விமானத்துக்குப் போனது. விக்கனின் பிந்தைய வான்சண்டை வகைக்கு சிகே37-ஐக்கூட வைக்கவில்லை. அமெரிக்காவின் சிங்கர்-கியர்ஃபாட் வடிவமைத்த கணினி ஒன்றை உரிமத்தில் செய்து வைத்தார்கள்.

வணிகப் பிரிவு இதற்குள் 'டேட்டாசாப்' என்ற பெயர் பெற்றிருந்தது. டி21-ஐ அடுத்து 1960-களின் இறுதியில் டி22 வந்தது. பிறகு டி23 என்ற பெரிய கனவு. அதன் மையச் செயலி பொறியியலாகப் பார்த்தால் துணிச்சலானது. பொதுவாகக் கணினியின் எல்லா உறுப்புகளும் ஒரே கடிகாரத் துடிப்புக்கு அடியெடுத்து வைக்கும்; வேகமான உறுப்பும் மெதுவான உறுப்புக்காகக் காத்திருக்கும். இந்தச் செயலியில் பொதுக் கடிகாரம் கிடையாது. ஓர் உறுப்பு தன் வேலையை முடித்ததும் அடுத்ததற்குச் சைகை காட்டும். அது புரியும் கட்டளைகளும் கம்பியில் உறைந்தவை அல்ல. உள்ளே இருக்கும் நுண்நிரலை மாற்றினால் அதே செயலி வேறொரு கணினியைப் போல நடந்துகொள்ளும். ஆய்விதழ்களில் பாராட்டு கிடைத்தது. நிரல்கள் தாமதமாயின, வாடிக்கையாளர்கள் பொறுக்கவில்லை. 1975-இல் சாப் தன் பெருங்கணினித் தொழிலை அமெரிக்காவின் ஸ்பெர்ரி யூனிவாக்கோடு சேர்த்து ஒரு கூட்டு நிறுவனமாக்கி ஒதுங்கிக்கொண்டது. டி-வரிசை அதோடு முடிந்தது. அதே ஆண்டில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் ஸ்வீடனின் முதல் கணினிப் பொறியியல் படிப்பைத் தொடங்கியது. ஊரில் கற்றுக்கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை.

பணம் வந்தது வேறு பக்கத்திலிருந்து. வங்கிக் கவுண்டர்களில் வைக்கும் முனையங்களை (டெர்மினல்) டேட்டாசாப் வட ஐரோப்பிய வங்கிகளுக்குப் பெரிய அளவில் விற்றது. ஸ்டாக்ஹோம் அருகே ஸ்டான்சாப் என்ற சகோதர நிறுவனம் 1971 முதல் இயங்கியது. சாப், அரசு, ஒரு வானொலிக் கம்பெனி ஆகியவை சேர்ந்து உருவாக்கியது அது. ரேடார் திரைகளிலும் வான்பாதுகாப்புக் கணினிகளிலும் தேர்ந்தவர்கள் அதில் இருந்தார்கள். அந்தத் திரை அறிவிலிருந்துதான் 'ஆல்ஃபாஸ்கோப்' என்ற முனையம் பிறந்தது. 1978-இல் ஸ்டான்சாப்பும் சாப்பின் முனையப் பிரிவும் இணைந்து, அரசும் சாப்பும் பங்குதாரர்களாக, டேட்டாசாப் தனி நிறுவனமாயிற்று.

ஸ்டான்சாப் தன்னோடு ஒரு வெடியையும் கொண்டுவந்தது. 1975-இல் அது சோவியத் யூனியனுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்றை விற்க ஒப்பந்தம் போட்டிருந்தது. மாஸ்கோ, கீவ், மினரல்னியே வோதி விமான நிலையங்களுக்கு. ரேடாரில் தெரியும் புள்ளி எந்த விமானம், எங்கே போகிறது என்று தொடர்ந்து சொல்லும் கணினி அமைப்பு அது. பயணிகள் விமானத்தைத் தொடரும் அதே கணக்கு எதிரி விமானத்தையும் தொடரும். இதனால் அமெரிக்கா தன் பாகங்களுக்கு உரிமம் தரும்போது, இன்ன திறனுக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது. ஒப்பந்தத்தில் சோவியத்துக்குச் சொன்ன திறனோ அதற்கு மேல். தடைசெய்யப்பட்ட சில்லுகள் கொண்ட பலகைகள் எப்படியோ மாஸ்கோ போய்ச் சேர்ந்தன. விஷயம் 1980-களின் தொடக்கத்தில் வெளியே வந்து, நடுநிலை நாடு பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறது என்று வாஷிங்டன் கொதித்தது. நடந்தது பேராசையா, ஒப்பந்தத்தைக் காப்பாற்றும் அவசரமா என்பதில் ஸ்வீடனிலேயே இரண்டு கட்சி உண்டு. எனக்குப் பட்டவரை, ஒரே பொருளை இரண்டு வல்லரசுகளுக்கும் ஏற்றபடி செய்ய முடியும் என்று நம்பியதுதான் அடிப்படைத் தவறு.

அபராதம் கட்டியது டேட்டாசாப் அல்ல. 1981-இல் தொலைபேசி நிறுவனமான எரிக்சன் அதை வாங்கியிருந்தது. வாங்கிய சொத்தோடு வழக்கும் வந்தது. 1984-இல் எரிக்சன் அமெரிக்காவுக்கு 30 லட்சம் டாலருக்கு மேல் கட்டித் தீர்த்தது. அமெரிக்கச் சில்லுகள் வராமல் அதனால் தொலைபேசி நிலையங்களைச் செய்ய முடியாது, ஆகவே நீட்டி முழக்க வழியில்லை.

எரிக்சனுக்குக் கணினித் தொழில் ஒட்டவில்லை. பெர்சனல் கம்ப்யூட்டர் செய்து பார்த்து நஷ்டப்பட்டு, 1988-இல் பின்லாந்தின் நோக்கியாவுக்கு விற்றது. நோக்கியா 1991-இல் பிரிட்டனின் கணினி நிறுவனமான ஐசிஎல்லுக்கு விற்றது; ஐசிஎல்லின் பெரும்பங்கு அதற்குள் ஜப்பானின் ஃபுஜித்சு கையில் இருந்தது. இந்தக் கைமாறல் முழுவதிலும் விலைபோகும் சரக்காக இருந்தது ஆல்ஃபாஸ்கோப். ஐபிஎம்மை எதிர்த்துக் கட்டிய டி23-ஐ யாரும் கேட்கவில்லை. ஆல்ஃபாஸ்கோப், ஐபிஎம் பெருங்கணினியில் செருகினால் ஐபிஎம்மின் சொந்த முனையம் போலவே வேலை செய்யும், திரை கண்ணைக் கூசாது, விலையும் கட்டுப்படியானது. ஐபிஎம் வாங்கிய அலுவலகங்களெல்லாம் அதற்குச் சந்தையாயின.